2,36,000 கிலோமீட்டர் ஓடிய டிசையர்: வைத்துக்கொள்வதா, விற்பதா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். 2013 மார்ச்சில் அப்பா வாங்கிய மாருதி டிசையர் டீசல் கார் 2,36,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது கரும்புகை தள்ளுகிறது. லிட்டருக்கு 21 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி இப்போது 17தான் கொடுக்கிறது. இன்ஜினை இறக்கி முழு வேலை பார்க்க வேண்டும், 85,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். ஷோரூமிலோ 1,40,000க்கு எடுத்துக்கொண்டு புது வண்டி தருவதாகச் சொல்கிறார்கள். இவ்வளவு ஓடிய வண்டிக்குச் செலவு செய்வது அறிவா என்று கேட்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ராத்திரி நேரத்தில் வெளியூர் போனால் இது கொண்டுபோய்ச் சேர்க்குமா?

மீட்டரில் உள்ள எண் எனக்குப் பெரிதாகப் படவில்லை. போகிற போக்கில் நீங்கள் எழுதிய இரண்டு வரிகள்தான் என்னை நிறுத்தின. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி சலசலவென்று ஒரு சத்தம் வந்து தானாக நின்றுவிடுகிறது என்பது ஒன்று. முதல் ஏழு வருடம் வண்டி தூத்துக்குடியில் இருந்தது என்பது மற்றொன்று. புகையை நாளைக்குக்கூடப் பார்த்துக்கொள்ளலாம். இவை இரண்டையும் பார்க்காமல் நீங்கள் விற்கவும் வேண்டாம், 85,000 செலவழிக்கவும் வேண்டாம்.

ஈரோட்டில் 24 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் வண்டியில் உள்ள வகை இன்ஜினை நூற்றுக்கு மேல் பிரித்திருப்பேன், எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் சத்தத்தைக் காதால் கேட்காமல், வண்டியைத் தூக்கி அடியில் பார்க்காமல் சொல்லும் கருத்துக்கு ஓர் எல்லை உண்டு. கீழே சொல்வதில் எதெல்லாம் உறுதி, எதெல்லாம் என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

இந்த இன்ஜின் ஃபியட் வடிவமைத்தது. 1248 சிசி, நான்கு சிலிண்டர், மல்டிஜெட் என்று பெயர். மாருதி இதை உரிமம் பெற்றுத் தயாரித்தது; டாடாவும் தன் வண்டிகளில் பொருத்தியது. ஒரு காலத்தில் சாலையில் போன சின்ன டீசல் கார்கள் பலவற்றில் இதுதான் இருந்ததால் தேசிய இன்ஜின் என்றே கேலியாகச் சொல்வார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலை நிறுத்திவிட்டது. அப்படியும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் ஏராளம் என்பதால் உதிரிபாகத்துக்கு இன்றைக்குப் பஞ்சம் இல்லை. டாக்சியில் ஓடி மூன்று லட்சத்தைத் தாண்டிய டிசையர்கள் என் பட்டறைக்கே வருகின்றன. ஆகவே 2,36,000 என்பது இந்த இன்ஜினுக்குச் சாகிற வயதில்லை. இது உறுதி.

இதன் பலவீனமும் உறுதியாகத் தெரிந்ததுதான். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்க, பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின் உள்ள இன்ஜின் இது. செயின் என்றால் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் வேலை செய்வது ஆயில் அழுத்தத்தில். ராத்திரி முழுவதும் நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கிவிடும். காலையில் சாவியைத் திருப்பியதும் அழுத்தம் ஏறுகிற வரை செயின் தளர்ந்து, பக்கத்தில் அதைத் தாங்கும் கைடில் அடித்துக்கொள்ளும். அதுதான் உங்கள் சலசலப்பு. அரை விநாடி, ஒரு விநாடி என்றால் ஓடிய வண்டியில் சகஜம் என்று விட்டுவிடுவேன். மூன்று விநாடி வரை போகிறது, ஆறு மாதம் முன்பு இந்தச் சத்தமே இல்லை என்றால், செயின் நீண்டிருக்கிறது அல்லது டென்ஷனர் தளர்ந்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். வால்வை அழுத்தும் ராக்கர் உடையும், சில நேரம் வால்வும் வளையும். அது நடக்கும்போது வண்டி ஓடிக்கொண்டிருக்கும், அல்லது ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு 85,000 ரூபாய் என்ற கணக்கும் போதாமல் போகலாம்.

இந்தச் சத்தத்தை நீங்களே சரியாகக் கேட்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு ராத்திரி முழுவதும் வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். காலையில் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் முன்பக்கம், பெல்ட்டுகள் ஓடும் பக்கமாகத் தலையைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு கேளுங்கள். சட்டை, துண்டு எதுவும் பெல்ட்டருகே தொங்க வேண்டாம். தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கினாற்போல வந்தால் செயின். சீராகக் கடகடவென்று வந்து, வண்டி சூடான பிறகும் நிற்காமல் இருந்தால் அது வேறு விஷயம், பெரும்பாலும் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். கைபேசியில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்கு ஓட்டிப்போன பிறகு வண்டி சூடாகிவிடும், சத்தம் வராது, சார் ஒன்றும் இல்லையே என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

செயின் ஏன் தேய்ந்திருக்கலாம் என்பதற்கான தடயமும் உங்கள் எழுத்திலேயே இருக்கிறது. 2020 வரை, அதாவது 1,52,000 கிலோமீட்டர் வரை, அப்பா ஒரு நோட்டில் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தையும் தேதியோடு எழுதிவந்தார், பத்தாயிரத்துக்கு ஒருமுறை தவறாமல் மாற்றினார் என்கிறீர்கள். நீங்கள் எடுத்த பிறகு வருடத்துக்கு ஒருமுறை. வருடத்துக்கு 14,000 ஓடுகிறீர்கள். இந்த இன்ஜினில் ஆயில் பிடிப்பது சுமார் மூன்று லிட்டர்தான். கொள்ளளவே குறைவு. அதில் ஒரு லிட்டர் எரிந்துபோனால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். மீதியுள்ள இரண்டு லிட்டர், கரி கலந்து கறுத்த ஆயில், டென்ஷனரையும், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவையும் காப்பாற்ற வேண்டும். பத்தாயிரம் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது என்பதுதான் கணக்கு. ஒரு வருடம் என்ற பாதியை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். என் வாடிக்கையாளர்களிடம் 7,500லேயே மாற்றச் சொல்கிறேன். அது புத்தகத்தில் இல்லை, என் பிடிவாதம்.

அப்பாவின் நோட்டைக் கொஞ்சமும் குறைவாக நினைக்காதீர்கள். பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் மீட்டரைப் பார்ப்பார்கள்; மீட்டரைக் குறைப்பது ஒரு மணி நேர வேலை. நான் நோட்டைக் கேட்பேன். போன வருடம் 1,10,000 காட்டிய ஒரு வண்டியை ஒருவர் கொண்டுவந்தார். வாங்கி இரண்டு மாதம்தான். கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது, ஓட்டுநர் சீட்டின் ஓரம் கிழிந்து நார் தொங்கியது. அது இரண்டரை லட்சம் ஓடிய வண்டி என்று நான் சொன்னபோது அவர் முகம் போன போக்கை மறக்க முடியாது. உங்கள் 2,36,000 நிஜமானது. முதல் 1,52,000 எப்படி ஓடியது என்பதும் எழுத்தில் இருக்கிறது. சந்தையில் கிடைக்கிற 90,000 வண்டியைவிட உங்கள் வண்டியை நான் நம்புவேன்.

இனிக் கரும்புகை. புகைக்கு மூன்று நிறம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது கூலண்ட் உள்ளே போகிறது. கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை. கரும்புகையும் மைலேஜ் குறைவும் மலையில் இழுவை இல்லாததும் சேர்ந்து வந்தால், இன்ஜினை இறக்கச் சொல்வது காய்ச்சலுக்கு அறுவை சிகிச்சை சொல்வதுபோல. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கலாம். 13 வருட ரப்பர், அடிப்பக்கத்தில் கீறல் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது, விரலால் தடவினால் ஆயில் பிசுக்கு ஒட்டும். புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தே நின்றிருக்கலாம். இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்காமல் ஒழுகலாம். இவற்றில் எதற்கும் இன்ஜினை இறக்கத் தேவையில்லை.

அப்படியானால் மெக்கானிக் ஏமாற்றுகிறாரா என்றால், அதை நான் சொல்ல மாட்டேன். அவர் பார்த்தது எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று சோதனைகள் செய்தாரா என்று கேளுங்கள். வண்டி சூடாக ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் தளர்த்தி, எடுத்துவிடாமல் அப்படியே மேலே வைக்க வேண்டும். லேசாக நடுங்கினால் கவலை இல்லை. மூடி துள்ளிக் கீழே விழுந்து, உள்ளிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். இது வீட்டிலேயே பார்க்கக்கூடியது. இரண்டாவது, நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று அழுந்தும் அழுத்தம், பார்ப்பது. அளவு எவ்வளவு என்பதைவிட நான்குக்கும் நடுவே வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் எனக்கு முக்கியம். மூன்று ஒன்றுபோல இருந்து ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்தால்தான் உள்ளே திறக்கும் பேச்சு. மூன்றாவது, இன்ஜெக்டர் ரிட்டர்ன். நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலை நான்கு சின்ன பாட்டிலில் பிடிப்பார்கள். ஒரு பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறைந்தால் அதுதான் குற்றவாளி. இந்த மூன்றும் செய்யாமல் 85,000 என்று சொல்லியிருந்தால் வேறொரு பட்டறையில் காட்டுங்கள்.

ஆயில் குடிக்கிறதா என்பதற்கு உங்களுக்கே பதில் தெரிய வேண்டும், ஆனால் நீங்கள் எழுதவில்லை. ஞாயிறு காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன், டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். நான்கு வாரம் நோட்டில் எழுதுங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு 100, 200 மில்லி குறைந்தால் இந்த வயதில் அதை ஊற்றி ஓட்டலாம். அதே ஆயிரத்துக்கு முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் என்றால் மெக்கானிக் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

கருத்து வேறுபாடு உள்ள சங்கதிகளையும் சொல்லிவிடுகிறேன். ஓடிய வண்டிக்குக் கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் குறையும் என்பார்கள். குறையத்தான் செய்யும். ஆனால் கெட்டி ஆயில் காலையில் டென்ஷனருக்கு ஏறத் தாமதமாகும் என்பது என் பயம், அதனால் இந்த இன்ஜினுக்குச் சொன்ன 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ஆயிலை நான் மாற்றுவதில்லை. என்னைவிட அனுபவம் உள்ள சிலர் கெட்டியான 15டபிள்யூ-40 ஊற்றி நன்றாகவே ஓட்டுகிறார்கள். அவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன். உள்ளே கழுவ இன்ஜின் ஃபிளஷ் என்று டப்பாவில் விற்பதைப் பல வருடம் ஆயில் சரியாக மாற்றாத வண்டியில் ஊற்ற எனக்குத் துணிச்சல் இல்லை. கிளறிவிட்ட கசடு எங்கே போய் அடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? டீசலில் கலக்கும் மருந்துகளால் பயன் இருக்கிறதா என்று கேட்டால், தேய்ந்த இன்ஜெக்டரை அவை சரிசெய்து நான் பார்த்ததில்லை.

நடுவழியில் நிற்குமா என்ற பயத்துக்கு வருவோம். பழுதில் இரண்டு ஜாதி. சொல்லிவிட்டு வருவது ஒன்று, சொல்லாமல் வருவது ஒன்று. கிளட்ச் மாதக்கணக்கில் சொல்லும். முன்சக்கரத்தைப் பிடிக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் ஒவ்வொரு குழியிலும் சொல்லும். வீல் பேரிங் ஊளையிடும். பிரேக் பேட் கீச்சிடும். இவற்றைத் தேயும்வரை ஓட்டி, சொன்ன பிறகு மாற்றலாம். ரேடியேட்டர் ஹோஸ், ஆல்டர்னேட்டர் பெல்ட், வாட்டர் பம்ப், பேட்டரி, டயர் ஆகியவை நேற்றுவரை நன்றாக இருந்துவிட்டு நள்ளிரவில் தொப்பூர் கணவாயில் போய்விடும். இவற்றை நிலைமை பார்த்து மாற்றக் கூடாது, வயதைப் பார்த்து மாற்ற வேண்டும். எந்த ஹோஸும் மாற்றியதாக நோட்டில் இல்லை என்றால் எல்லா ஹோஸையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். பழையதில் நல்லவற்றை டிக்கியில் போட்டு வைப்பவர்களும் உண்டு, நான் கிண்டல் செய்வதில்லை. கூலண்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். சேலத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குள் என்ன செய்யும் என்று உங்கள் வீட்டு வாளியின் அடியைப் பார்த்தாலே தெரியும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் திரவம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மலை ஏறி இறங்குகிறவர் இதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டை இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். ஆறு வருடத்தைத் தாண்டிய டயரில் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போக நான் சம்மதிக்க மாட்டேன்.

பணக் கணக்கு எளிது. புது வண்டிக்கு 8 லட்சம் கடன், 9 சதவீதம், ஐந்து வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய், வருடத்துக்குக் கிட்டத்தட்ட 2 லட்சம். முழு இன்சூரன்ஸ் தனி. செயின், டென்ஷனர், கைடு எல்லாம் செட்டாக மாற்றி, ஹோஸ்களும் டயரும் போட்டாலும் அந்த ஒரு வருடத் தவணையைத் தொடாது. அடுத்த வருடமும் இதே செலவு வராது, தவணையோ வரும். இன்ஜினை முழுக்கப் பார்த்தே ஆக வேண்டும் என்று சோதனைகள் சொன்னால்கூட 85,000 என்பது ஐந்து மாதத் தவணைதான். பணத்தை மட்டும் பார்த்தால் உங்கள் வண்டி ஜெயிக்கிறது.

ஆனால் பராமரிப்பால் வாங்க முடியாத ஒன்று இருக்கிறது. உங்கள் வண்டியில் ஏர்பேக் உண்டா? ஸ்டீயரிங் நடுவே ஏர்பேக் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது 2019இல்தான். 2013இல் விலை கூடிய மாடல்களில் மட்டும் கிடைத்தது. 2014இல் கார்களை மோதிச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்ட்டை மோதிப் பார்த்தபோது பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. டிசையர் அந்த வண்டியின் தம்பி. ஊருக்குள் கடைக்கும் பள்ளிக்கும் ஓட்ட இது ஒரு காரணமாகாது. மாதம் இரண்டு முறை நெடுஞ்சாலையில் ஆறு பேரோடு போகிறவர் வண்டியை மாற்ற நினைத்தால், இன்ஜினைக் காரணம் சொல்லாமல் இதைக் காரணமாகச் சொல்லட்டும், நான் தலையசைப்பேன். ஐந்து பேர் வண்டியில் ஆறு பேர் என்பது தனி வழக்கு, அதை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.

டீசல் வண்டிக்குப் பத்து வருடம்தான் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அது டெல்லிப் பகுதிக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவைக் கேட்டுவிட்டு வரும் பேச்சு. தமிழ்நாட்டில் உங்கள் ஆர்.சி. 15 வருடத்துக்கு, அதாவது 2028 மார்ச் வரை செல்லும். பிறகு வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம்.

வரிசையாக என்ன செய்வது என்றால், ஆயிலையும் ஃபில்டரையும் இந்த வாரமே மாற்றுங்கள், செயினைப் பார்க்கும்வரை சேலத்தைத் தாண்டிப் போகாதீர்கள். ஆனால் செயினுக்குப் பணம் கட்டுவதற்கு முன் தூத்துக்குடியைப் பார்க்க வேண்டும். ஏழு வருடக் கடற்காற்று. வண்டியை லிஃப்டில் தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கி வைக்கும் இடங்கள், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, முன் சஸ்பென்ஷன் உடலோடு சேரும் இடம், ஸ்பேர் டயருக்கு அடியில் உள்ள தகடு. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். டங் என்று கேட்டால் நல்லது. மொத் என்று கேட்டால் முனையால் குத்துங்கள். மேலே மட்டும் துரு என்றால் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, அடிப்பூச்சு போட்டுவிட்டு நேராகச் செயின் வேலைக்குப் போகலாம். ஜாக்கி வைக்கும் இடத்திலோ சஸ்பென்ஷன் பிடிக்கும் இடத்திலோ முனை உள்ளே இறங்கினால், இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் செயினுக்குக் காசு போடாதீர்கள். ஷோரூமுக்குப் போன் செய்து, அந்த 1,40,000 இன்னும் நிற்கிறதா என்று கேளுங்கள்.